மூன்றாம் ஓலை

எங்கள் ஊரில் ஒரு சங்கதி உண்மையாக வேண்டுமென்றால் அது கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வர வேண்டும். வாயால் சொன்னால் "சும்மா போ" என்பார்கள். கையால் எழுதினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதையே நான் அடித்துக் கொடுத்து, பிரிண்டர் கரகரவென்று முனகி ஒரு தாளைத் துப்பிவிட்டால், சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே போவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதிப் பேர் பார்ப்பதுகூட இல்லை.

மாதா கோயிலுக்கு எதிரே என் கடை. ஒரு லேசர் பிரிண்டர், ஒரு கலர் பிரிண்டர், உப்புக்காற்றில் மாதத்துக்கு ஒருமுறை சண்டித்தனம் செய்கிற ஒரு ஜெராக்ஸ் மெஷின், இவற்றோடு மல்லுக்கட்ட நான். என் பெயர் விக்டோரியா. வள்ளக்காரர் சூசையின் ஒரே மகள். அம்மா இல்லை. எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் வரும்.

கோயிலில் திரையும் என் பொறுப்பு. பாட்டு, வாசகம், அறிவிப்பு எல்லாம் ஸ்லைடு போட்டு வைத்துக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்போடும் ஒரு மைக்கோடும் உட்கார்ந்திருப்பேன். மைக் எதற்கென்றால், பாட்டு எண் சொல்ல. எண் திரையிலேயே பெரிதாக நிற்கும். ஆனாலும் வாயால் சொல்லாவிட்டால் பின்வரிசைக்காரர்கள் பாட மாட்டார்கள்.

ஓலையும் திரையில்தான். கலியாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். பனையோலை போய்த் தாள் வந்தது, தாள் போய் ஸ்லைடு வந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்து எவரும் எழுந்து தடை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மீன் ஏலம் போடுகிற இடத்திலேயே சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஊரில் வாசிக்கிற ஓலைக்கெல்லாம் ஒரே ஸ்லைடுதான் அச்சு. அது என் ஓலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் பிரபினுக்கும் கலியாணம் நிச்சயமானது. எங்கள் ஊர் பேபி மாமியின் மகன். சொந்தக் கலியாணம் அல்லவா, இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஸ்லைடைச் செய்தேன். நீலக் கரை, மூலையில் லீலிப் பூ, இடப்பக்கம் மாப்பிள்ளை, வலப்பக்கம் பெண், நடுவில் ஒரு சின்னச் சிலுவை. எழுத்து ஒரு நூல் அங்கே இங்கே போகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று அறிக்கைக்கும் ஒரே மூச்சில் செய்து வைத்தேன். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் பேபி மாமி ஃபாதரைப் பார்த்து, வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டவர்களிடம் மாமி வானத்தைப் பார்த்து, "தடை வந்துது மக்களே" என்றாள். என்ன தடை என்று சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு தடையோடு போயிருக்கும். சொல்லாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு வலிப்பு என்றார்கள். திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் ஒருத்தன் இருந்தான் என்றார்கள். நான் திருவனந்தபுரத்தில் படித்ததே இல்லை, நாகர்கோவிலில் படித்தேன். அதைச் சொன்னால், "பாத்தியா, மறைக்கா" என்றார்கள்.

அப்போதிருந்த ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "தடை யாரும் சொல்லலம்மா. அவங்க வேண்டாம்னாங்க, அவ்வளவுதான்" என்றார். அப்படியானால் அதைப் பூசையில் சொல்லுங்கள் என்றேன். வாசிக்காத ஓலைக்கு விளக்கம் சொல்கிற வழக்கம் இல்லையென்றார். அடுத்த மாதம் அவருக்கு மாற்றலாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் 'ரெண்டோலை' என்று பெயர். பெண் பார்க்க வருகிறவர்கள் ஊர் எல்லை வரை வந்து, யாரிடமாவது வழி கேட்டு, வழியோடு சேர்த்து இதையும் கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கலியாணமே வேண்டாம் என்றாலும் எனக்குச் சோறு இறங்கும். அப்பாதான் பெரிய பூசைக்கு வருவதை விட்டுவிட்டார். விடியற்காலைப் பூசைக்குப் போய், கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். பெருங்கடலில் தனியாக நின்று வலை இழுத்த மனிதர், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தடை எதுவும் வரவில்லை என்று பேபி மாமியின் வாயே அந்தக் கோயிலில் சொல்ல வேண்டும்.

நடக்கிற காரியமா? வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓலைக்கும் என் மூன்றாம் ஸ்லைடைத் திறப்பேன். யாரும் பார்க்காத ஸ்லைடு என்பதால் அதுதான் அச்சு. அதை நகல் எடுத்து, பெயர்களையும் அறிக்கை எண்ணையும் மாற்றி, அதற்கு அடுத்தாற்போல் வைப்பேன். மூலம் அதே ஃபைலில் கிடக்கும்; அதை 'மறை' என்று கொடுத்துவிட்டால் ப்ரொஜெக்டரில் வராது, தாண்டிப் போய்விடும். ஊரில் உள்ள அத்தனை பேரும் என் ஓலையில் கலியாணம் முடித்தார்கள்.

இந்த வருடம் பிரபின் குவைத்திலிருந்து வந்தான். பக்கத்து ஊர் பெபிஷாவோடு நிச்சயம். அவளும் குவைத்தில்தான், நர்ஸ் வேலை. ஓலை அடிக்க வேண்டும் என்று பேபி மாமியே கடைக்கு வந்தாள். வேறு கடைக்கு பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

"மோளே, பேரெல்லாம் ஒனக்கு ஓர்ம காணுமே" என்றாள்.

"மாப்பிள பேரு ஓர்ம உண்டு மாமி. பொண்ணு பேர மட்டும் சொல்லுங்க."

உண்மைதான். மற்ற ஓலைகளுக்கு இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். இதற்கு இடப்பக்கம் மாற்ற ஒன்றுமேயில்லை. வலப்பக்கம் என் பெயரை அழித்து பெபிஷா என்று அடித்தேன். இவ்வளவு சுலபமாக நான் எந்த ஓலையும் அடித்ததில்லை. மாமி போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒருத்தன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தான், எடுத்துக் கொடுத்தேன்.

முதல் ஓலை ஒழுங்காக ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது ஓலைக்கு எல்ஈடி திரை வந்தது.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பையன்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பீடத்துக்கு வலப்பக்கம் சுவர் நீளத்துக்கு நின்றது. பழைய ப்ரொஜெக்டர் வெயில் ஏறினால் மங்கிப்போகும். இதில் பட்டப்பகலில் மாதாவின் கண் இமைகூடத் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதை மாட்ட வந்த ஆள், "லேப்டாப் எல்லாம் வேண்டாம் மேடம். ஸ்லைடையெல்லாம் படமா மாத்தி பென்டிரைவில போடுங்க, திரையோட பெட்டியில குத்துங்க, ரிமோட்ல தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல்கூடப் போய்விட்டான். ரிமோட்டைப் புது ஃபாதர் வாங்கிக்கொண்டார். இளவயசுக்காரர், ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்தவர், ஆனால் ரிமோட்டைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை.

படமாக மாற்றினேன். முதல் பத்துப் படத்தைத் திறந்து பார்த்தேன், பளிச்சென்று இருந்தன. சரி என்று பென்டிரைவைப் பெட்டியில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறைத்து வைத்த ஸ்லைடு ஸ்லைடாக இருக்கும்வரைதான் மறைந்திருக்கும், படமாக மாற்றினால் அதுவும் படமாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திரையை ஃபாதர் மந்திரித்துத் திறந்து வைப்பதைப் பார்க்க ஊர் மொத்தமும் பெரிய பூசைக்கு வந்திருந்தது. அப்பாகூட வந்தார். திரையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது வரிசையில் பேபி மாமி பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பிரபின். புதன்கிழமை கலியாணம். பந்தல் போட்டாகிவிட்டது. பூசை யூடியூபில் நேரலை, கோபுரத்து ஸ்பீக்கரில் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

எல்லோரும் நன்மை அப்பம் வாங்கி முடிந்து அறிவிப்புகள். ஃபாதர் ரிமோட்டை அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டே வந்தார். அறிவிப்பு வாசிக்கிறவர்களுக்கு வாய் மட்டும்தான் அங்கே இருக்கும், மனசு காலைச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும். ஒரு அழுத்து அழுத்தினார். நீலக் கரையும் லீலிப் பூவும் சுவர் நீளத்துக்கு வந்து நின்றன.

"திருமண அறிக்கை. நம் பங்கைச் சேர்ந்த செல்வதாஸ், பேபி இவர்களின் மகன் பிரபின் என்பவருக்கும், அதே பங்கைச் சேர்ந்த சூசை, மறைந்த அமலோற்பவம் இவர்களின் மகள் விக்டோரியா என்பவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது மூன்றாம் அறிக்கை. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்…"

அங்கேதான் ஃபாதரின் மனசு திரும்பி வந்தது. வாய் மட்டும் நிற்காமல் "தெரிவிக்கவும்" என்று முடித்தது.

நான் திரையைப் பார்த்தேன். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். எழுத்து ஒரு நூல் அங்கே இங்கே போகவில்லை.

"வேணும்னே செய்திருக்கா ஃபாதர் இவ!" பேபி மாமி எழுந்துவிட்டாள். "எனக்க மவனுக்க கலியாணத்த கெடுக்கதுக்கு வேணும்னே செய்திருக்கா! ரெண்டு வருஷமா உள்ளேயே வச்சோண்டு இருந்து இப்பம் காட்டுகா பாத்தியளா!"

அவ்வளவுதான், கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. பெட்டி, படம், மறைத்த ஸ்லைடு என்று நான் விளக்கிக்கொண்டு நின்றால் யார் காதில் ஏறும்? திரையில் வந்துவிட்டது, அதனால் உண்மை. சாகும்வரை நான் அவனுக்காக ஏங்கி ஓலை போட்டவளாகவே இருக்க வேண்டியதுதான். தூணுக்குப் பின்னால் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு வாசலில் கிடக்கிறது, கோயிலுக்குள் தேடுகிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மைக்கை எடுத்தேன்.

"ஃபாதர், தடை உண்டு."

ஃபாதர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "எந்தக் கலியாணத்துக்கும்மா?"

"இப்பம் வாசிச்ச கலியாணத்துக்கு. தடை உண்டும்னா சொல்லச் சொன்னியளே. சொல்லுகேன்."

"என்ன தடை?"

"பொண்ணு நான்தான் ஃபாதர். எனக்கு இந்த மாப்பிள வேண்டாம்."

எங்கோ ஒருத்தர் இருமினார். ஃபாதர் ஒரு நிமிடம் யோசித்தார். சட்டம் படித்தவர் அல்லவா, கேட்ட கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்வார்.

"சம்மதம் இல்லைன்னா கலியாணம் இல்லை. அது முறையான தடைதான்" என்றார்.

நான் பேபி மாமி பக்கம் திரும்பினேன். "மாமி, தடை வந்துது, தடை வந்துதுண்ணு ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொன்னியளே. அது இன்னைக்குத்தான் வந்திருக்கு. கொஞ்சம் தாமசிச்சுப் போச்சு, மன்னிக்கணும்."

பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது.

"முன்னாடி ஒரு தடை வந்துதா? பிரபின் பேர்ல ஒரு ஓலை தடையில நின்னு போச்சா? எனக்கு யாரும் சொல்லலையே. என்ன தடை?"

பேபி மாமி உட்காரப் பார்த்தாள்.

"அம்மா, இதைச் சும்மா விட முடியாது. தடைன்னா என்ன தடைன்னு தெரியணும். பையன் பேர்ல ஏதும் இருந்தா நான் பிஷப் இல்லத்துக்கு எழுதிக் கேக்கணும். விசாரிக்காம புதன்கிழமை என்னால கலியாணம் நடத்தி வைக்க முடியாது."

மாமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பந்தல் போட்டாகிவிட்டது, குவைத்துச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். பிரபின் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "சொல்லும்மா, சொல்லித் தொல" என்றான். இரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

"தடை ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்றாள் மாமி. புடவைத் தலைப்புக்குச் சொன்னதுபோல் இருந்தது.

"பின்னால கேக்கல்ல!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் எழுந்து போய் மைக்கை மாமி கையில் கொடுத்தேன். பின்வரிசைக்குக் கேட்க வைப்பதுதான் கோயிலில் என் வேலை.

"தடை ஒண்ணும் வரல்ல." கோபுரத்து ஸ்பீக்கர் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது. "யாரும் ஒண்ணும் சொல்லல்ல. நாங்களாத்தான் வேண்டாம்னு நிறுத்தினோம்."

"அந்தப் பொண்ணு பேர்ல?" என்றார் ஃபாதர்.

"பொண்ணு பேர்ல ஒரு குறையும் இல்ல ஃபாதர்."

"அப்ப சரி. புதன்கிழமைக்கு இடைஞ்சல் இல்லை" என்றார் ஃபாதர், நிம்மதியாக. அவருக்கு நடந்தது அவ்வளவுதான்.

மைக்கை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஃபாதர் ரிமோட்டை அழுத்தினார். அதே நீலக் கரை, அதே லீலிப் பூ, வலப்பக்கம் பெபிஷா. வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று முடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நிறுத்தினார். கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"இல்ல ஃபாதர்" என்றேன் மைக்கில். "அடுத்ததாகப் பாட வேண்டிய பாட்டு, எண் நூற்றுப் பன்னிரண்டு."

பூசை முடிந்து நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து அல்ல, நடுவழியாக. ஆசீர்வாதம் முடிகிறவரை நின்றிருக்கிறார். அணைந்து கிடந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மக்கா, அந்தப் படத்த எனக்கு ஒரு தாளில எடுத்துத் தருவியா?"

"எந்தப் படத்த?"

"உனக்க ஓலைய."

"எதுக்கு அப்பா?"

"மூணும் வாசிச்சாச்சு பாத்தியா. எவனாவது கேட்டா காட்டணும்."

கடையைத் திறந்தோம். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஸ்லைடைத் திறந்தேன்.

"கலரா, கறுப்பா?"

"கலரு." கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். "அவனுக்க பேர மட்டும் வெட்டிரு. எனக்க பேரு, உனக்கம்ம பேரு, உனக்க பேரு, மூணாம் அறிக்கை. அது போரும்."

இடப்பக்கம் இருந்ததை அழித்தேன். பிரிண்டர் முனகியது, தாள் வந்தது. அப்பா சூட்டோடு அதை வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து, எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தார். மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடம் சும்மா இருந்தது. பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை.